கல்யாணச் சமையலுக்கு பிக்கப்பா, எஸ்யூவியா? வாங்கப் போவது ஒரே வண்டி

கோட்டையூர் மாஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் இருக்கிறேன். 22 வருடமாகக் கல்யாணச் சமையல்தான் தொழில். கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று நம் பக்கத்து வளவு வீடுகளில் பாதி வேலை. மதுரை, திருச்சி, கோவை மண்டபங்களில் மீதி. வருடத்துக்கு 50 வேலை வரை வரும். சொந்தமாக இருப்பது ஒரு பைக் மட்டும். பாத்திரம் ஏற்ற வாடகைக்குக் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி அல்லது பிக்கப் பேசிக்கொள்வேன்.

இந்த வருடம் வண்டி வாங்கியே தீர வேண்டும். அதற்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் திருச்சியில் ஒரு கல்யாணம். இரவு 9 மணிக்கு வர வேண்டிய வாடகை பிக்கப் 1 மணிக்கு வந்து சேர்ந்தது. முகூர்த்த நாள், அந்த வண்டிக்கு அன்றைக்கு மூன்றாவது நடை. ஓட்டி வந்த பையனுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்த நேரத்தில் வேறு வண்டிக்கு எங்கே போவது? பாத்திரத்தை ஏற்றினோம். டிரைவர் பக்கத்தில் நானும் பலகாரம் சுடுகிற அக்காவும் உட்கார்ந்தோம். ஆண்கள் மூன்று பேரும் பின்னால் அண்டாக்களுக்கு நடுவில் சாக்கை விரித்துக்கொண்டார்கள். எல்லா சமையல் கோஷ்டியும் இப்படித்தான் போகிறது, நாங்களும் வருடக்கணக்கில் இப்படித்தான் போயிருக்கிறோம்.

திருமயம் தாண்டியதும் ஒரு மாடு குறுக்கே வந்தது. பையன் பிரேக்கை ஏறி மிதித்தான். பின்னால் பெரிய சத்தம். இட்லிக் கொப்பரையின் மூடிதான் தெறித்து விழுந்துவிட்டது என்று நினைத்தேன். இறங்கிப் போய் டார்ச் அடித்துப் பார்த்தால், பெரிய அண்டா கயிற்றை அறுத்துக்கொண்டு முன்னால் வந்திருக்கிறது. அதற்கும் கிரைண்டருக்கும் நடுவில் எங்கள் பெரியவரின் வலது கால். என்னிடம் 18 வருடமாக இருக்கிறவர், வயது 58. என்னைப் பார்த்ததும் அவர் கேட்டது, "அண்டா ஒடுங்கிருச்சா மாஸ்டர்?" என்பதுதான். கால் விரல் இரண்டு முறிந்திருந்தது. இரண்டரை மாதம் வேலைக்கு வர முடியவில்லை.

நான் முன்னால் மெத்தை சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. இனி என் ஆட்கள் ஒருவர்கூடப் பாத்திரத்தோடு பின்னால் ஏறக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது கணக்கைச் சொல்கிறேன். அரிசி மண்டியில் இருக்கிற எடைமேடையில் மொத்தப் பாத்திரத்தையும் ஏற்றிப் பார்த்தேன். அண்டாக்கள், சருவங்கள், கொப்பரை இரண்டு, இருப்புச்சட்டி மூன்று, கிரைண்டர் இரண்டு, அடுப்புகள், கரண்டி மூட்டை எல்லாம் சேர்த்து 740 கிலோ வந்தது. மளிகையும் காய்கறியும் கல்யாண வீட்டுக்காரர் பொறுப்பு. சில இடங்களில் சிலிண்டரும் நாங்கள் கொண்டுபோக வேண்டும். 19 கிலோ சிலிண்டர் நான்கு என்றால், இரும்பையும் சேர்த்து இன்னொரு 150 கிலோ. ஆட்கள் என்னையும் சேர்த்து ஐந்து பேர்.

கையில் 3 லட்சம் இருக்கிறது. மாதம் 18,000 வரை தவணை கட்ட முடியும். அப்படிப் பார்த்தால் எல்லாம் சேர்த்து 11 லட்சத்துக்குள் வண்டி முடிய வேண்டும்.

வீட்டில் சொல்வது வேறு. அம்மாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மாதம் ஒரு தடவை மதுரைக்குக் கூட்டிப் போக வேண்டும். மகள் திருச்சியில் படிக்கிறாள். "பொலேரோ நியோ மாதிரி ஒரு எஸ்யூவி வாங்கினால் ஆட்களும் அதிலேயே வரலாம், அத்தையும் வசதியாகப் போகலாம், பாத்திரத்துக்கு எப்போதும்போல வாடகை வண்டி பேசிக்கொள்ளலாமே" என்கிறாள் என் மனைவி. அதிலும் நியாயம் இருக்கிறது. சிங்கிள் கேபின் பிக்கப் வாங்கினால் பாத்திரம் போகும், ஆட்கள் போக முடியாது. முன்னும் பின்னும் இரண்டு வரிசை சீட் உள்ள டபுள் கேபின் பிக்கப், மஹிந்திரா பொலேரோ கேம்பர் என்று ஒன்று இருக்கிறது, அதை யாராவது தொழிலுக்கு வைத்திருக்கிறீர்களா? ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஓட்டுநர்:

அண்ணே, பெரியவர் இப்போது எப்படி இருக்கிறார்? நான் 14 வருடமாக பிக்கப் ஓட்டுகிறேன், சிங்கிள் கேபின். முகூர்த்த நாளில் மூன்று நடை அடித்தவன்தான் நானும். அந்தப் பையனை எனக்குத் தெரியாது, ஆனால் அந்தத் தூக்கம் தெரியும். மூன்றாவது நடையை ஒத்துக்கொள்ளக் கூடாது. நான் விட்டு நாலு வருடம் ஆகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒன்பதடி பாடி பிக்கப் உங்களுக்குத் தேவையே இல்லை. அது 1.7 டன் ஏற்றுகிற வண்டி, உங்கள் சரக்கு ஒரு டன்னுக்குள் முடிந்துவிடுகிறது. கேம்பரில் ஐந்து பேர் உட்காரலாம், ஒரு டன் ஏற்றலாம் என்று கம்பெனியே கொடுத்திருக்கிறது. எஞ்சின் 2,523 சி.சி. டீசல், இழுப்பு பற்றிக் கவலை வேண்டாம். உள்ளே இரண்டு வரிசை சீட் வருவதால் பாடி குட்டையாகிவிடும். எடை தாங்கும், இடம்தான் இடிக்கும். அண்டாவுக்குள் அண்டாவாக அடுக்கத் தெரிந்தால் சமாளிக்கலாம், அது உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிரைண்டரைக் கேபினை ஒட்டி முதலில் வையுங்கள், அதற்குப் பின்னால்தான் அண்டா. கனமான சாமானுக்கும் கேபின் சுவருக்கும் நடுவில் இடைவெளி விட்டால் பிரேக் அடிக்கிறபோது அந்த இடைவெளியைச் சாமான் ஓடிக் கடக்கும். அன்றைக்கு உங்களுக்கு நடந்தது அதுதான். அப்புறம் கயிற்றை விட்டுவிடுங்கள். லாரிக்காரர்கள் போடுகிற ராட்செட் பெல்ட் வாங்குங்கள், அலுமினிய விளிம்பில் கயிறு தேய்ந்து அறும், பெல்ட் அவ்வளவு சீக்கிரம் அறாது.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். பின்னால் லீஃப் ஸ்பிரிங். சரக்கு இருந்தால் அடக்கமாகப் போகும், வெறும் வண்டி என்றால் ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போடும். உங்கள் அம்மாவை வெறும் வண்டியில் மதுரைக்குக் கூட்டிப் போவதை மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் கண்மாய்க் கரைச் செம்மண்ணில் பின்சக்கரம் வழுக்கும், அதுவும் வெறும் வண்டியில்தான். லைசென்ஸ் பற்றி யாராவது பயமுறுத்தினால் கவலைப்படாதீர்கள். கார் லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம், தனி பேட்ஜ் வேண்டாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

பள்ளத்தூர்க்காரன்:

நான் மாற்றிச் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருடத்தில் 50 நாள்தான் உங்களுக்கு வேலை. போக வர, முன்னேற்பாடு எல்லாம் சேர்த்து 100 நாள் என்றே வையுங்கள். மீதி 265 நாள் அந்த வண்டி வீட்டு வாசலில்தான் நிற்கப் போகிறது. அந்த நாட்களுக்கும் பயன்படுகிற வண்டியை வாங்குவதுதானே முறை? அம்மாவுக்கு வயதாகிக்கொண்டே போகும், மகளுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி வரும். எஸ்யூவி வாங்குங்கள். பாத்திரத்துக்கு நல்ல டிரைவர் ஒருவரோடு வருட ஒப்பந்தம் போடுங்கள்.

என் அத்தான் இசுஸு வி-கிராஸ் வைத்திருக்கிறார். டபுள் கேபின், வெள்ளை போர்டு, உள்ளே கார் மாதிரியே இருக்கும். டொயோட்டா ஹைலக்ஸும் அதே இனம். ஆனால் இரண்டுமே 20 லட்சத்துக்கு மேல், உங்கள் கணக்குக்கு வராது. அவரும் அதில் தோட்டத்துக்கு நாலு உர மூட்டை கொண்டுபோவதோடு சரி.

ஆத்தங்குடி கல் பட்டறை:

அண்ணே, நானும் என் வீட்டுக்காரரும் ஆத்தங்குடியில் தரைக்கல் பட்டறை வைத்திருக்கிறோம். உங்கள் கதையைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. எங்கள் பட்டறைப் பிள்ளைகளும் கல் இறக்கப் போகும்போது பின்னால்தான் உட்கார்ந்து போவார்கள். இன்றைக்கே அதை நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

எங்களுக்கு எடைதான் பிரச்சினை. எட்டு அங்குலக் கல் ஒன்று ஏறக்குறைய இரண்டு கிலோ. ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு 2,250 கல், நாலரை டன். 1.7 டன் பிக்கப்பில் மூன்று நடை அடிக்க வேண்டும். அதனால் நாங்கள் சிங்கிள் கேபின்தான் வைத்திருக்கிறோம். உங்கள் நிலைமை அதற்கு நேர் எதிர். எடை குறைவு, ஆட்கள் அதிகம். உங்களுக்கு டபுள் கேபின்தான் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மா விஷயம். என் மாமியாருக்கு மூட்டு வலி, எங்கள் பிக்கப்பில் ஏற்றுவதற்கே இரண்டு பேர் வேண்டும். படி உயரம் அதிகம். நாங்கள் கல் அச்சு வைக்கிற ஒரு தாழ்ந்த மர முக்காலியை வண்டியிலேயே போட்டு வைத்திருக்கிறோம். வெறும் வண்டியாகப் போனால் பின்னால் நாலைந்து பெட்டி கல்லை ஏற்றிக்கொள்வோம், தூக்கிப் போடுவது பாதி குறையும். இருந்தாலும் இடுப்பில் ஆபரேஷன் ஆனவர்களை இப்படி 90 கிலோமீட்டர் கூட்டிப் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அன்றைக்கு மட்டும் ஒரு வாடகைக் கார் பேசிவிடுங்கள். மாதம் ஒரு நாள்தானே.

காரைக்குடி கணக்காளர்:

கடைகளுக்கு வரிக் கணக்குப் பார்ப்பது என் வேலை. மற்றவர்கள் சொல்லாத சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. நான்கு மீட்டருக்கு உட்பட்ட, 1,500 சி.சி.க்கு மிகாத டீசல் கார்களும் 18தான். பொலேரோ, பொலேரோ நியோ இரண்டும் அதில் வரும். ஸ்கார்ப்பியோ போன்ற பெரிய எஸ்யூவிகளுக்கு 40. ஆகவே நீங்கள் ஒப்பிடுகிற இரண்டு வண்டிக்கும் வரி விகிதம் ஒன்றுதான், வரியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சரக்கு வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கலாம் என்று ஷோரூமில் சொல்வார்கள். ஆத்தங்குடி அக்காவுக்கு அது பொருந்தும். நீங்கள் கேட்டரிங்குக்கு 5 சதவீதம் கட்டுகிறவராக இருந்தால் அந்த வரவு உங்களுக்குக் கிடையாது. அதை நம்பி பட்ஜெட்டை ஏற்றிவிடாதீர்கள்.

முக்கியமானது இன்சூரன்ஸ். சொந்த உபயோகக் கார் பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள். சொந்த லக்கேஜ், வியாபார மாதிரிகள் தவிர மற்ற சரக்கு ஏற்றினால் செல்லாது என்று இருக்கும். வெள்ளை போர்டு எஸ்யூவியின் பின்சீட்டை மடக்கி அண்டாவையும் சிலிண்டரையும் ஏற்றலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். விபத்து என்றால் பாலிசி கை கொடுக்காது. ஆட்கள் உட்கார்ந்திருக்கிற அடைத்த வண்டிக்குள் கேஸ் சிலிண்டர் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து.

சரக்கு வண்டியின் பின்னால் சும்மா ஏறி வருகிறவர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று 2003லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் பெரியவருக்கு இன்னும் பெரிதாக ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? கேம்பர் வாங்கினால் ஆர்.சி.யில் ஐந்து பேர் என்று பதிவாகியிருக்கிறதா பாருங்கள். டிரைவருக்கும் உடன் வரும் தொழிலாளர்களுக்கும் சேர்த்துக் கூடுதல் பிரீமியம் கட்டி, அது பாலிசித் தாளில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

மஞ்சள் போர்டு சரக்கு வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்க வேண்டும், அதன்பிறகு வருடா வருடம். அந்தச் செலவையும் கணக்கில் வையுங்கள்.

கோட்டையூர் மாஸ்டர்:

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. பெரியவர் இப்போது நன்றாக நடக்கிறார், ஆனால் வெகுநேரம் நின்று வேலை பார்த்தால் கால் வீங்குகிறது. அதனால் காய் நறுக்குகிற பக்கம் உட்கார வைத்திருக்கிறேன்.

பள்ளத்தூர் தம்பி சொன்ன 265 நாள் கணக்கு என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. இரண்டு ராத்திரி அதையே யோசித்தேன். அப்புறம் ஆத்தங்குடித் தங்கை எழுதியதைத் திரும்பப் படித்தபோதுதான் வழி கிடைத்தது. நானும் வீட்டில் இருப்பவர்களும் கணக்கைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டிருந்தோம். எஸ்யூவி வாங்கினால் நான் வருடத்துக்கு 50 தடவை லோடு வண்டி தேட வேண்டும், அதுவும் தை, வைகாசி, ஆவணி முகூர்த்தத்தில், ஊரே தேடுகிற அதே ராத்திரியில். நடைக்குச் சராசரி 4,000 என்றால் வருடத்துக்கு 2 லட்சம் அதற்கே போகிறது. கேம்பர் வாங்கினால் வருடத்துக்கு 12 தடவை கார் தேட வேண்டும். அம்மாவுக்கு டாக்டர் கொடுப்பது செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை காரைக்குடியில் எந்த நேரம் கூப்பிட்டாலும் நல்ல கார் வரும், தூங்கி எழுந்த டிரைவர் வருவார். மனைவியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அத்தைக்கு வர்ற காரு மட்டும் ஏசி காரா இருக்கணும்" என்றாள். சரி என்றேன்.

நேற்று ஷோரூமுக்குப் போனேன், தனியாகப் போகவில்லை. பெரிய அண்டாவை ஒரு குட்டி யானையில் ஏற்றிக்கொண்டு, ஆட்கள் நாலு பேரையும் கூட்டிப் போனேன். அங்கிருந்த பையன்கள் முதலில் முழித்தார்கள், அப்புறம் அவர்களே கை கொடுத்துத் தூக்கினார்கள். அண்டா குறுக்கே படுத்தால் ஓரத்தில் ஒரு சாண் மிச்சம். அதற்குள் அடுத்த இரண்டு அண்டாவும் சருவங்களும் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிவிடும். கிரைண்டர் இரண்டும் கேபினை ஒட்டி நிற்கும். இருப்புச்சட்டிகளைக் கவிழ்த்து மேலே கட்டலாம். கரண்டி மூட்டைக்கு மட்டும் இடம் தேட வேண்டியிருந்தது, அது உள்ளே காலடியில் போகும். சிலிண்டரை இனி கல்யாண வீட்டார் அங்கேயே ஏற்பாடு செய்யட்டும் என்று பேசும்போதே சொல்லிவிடப் போகிறேன். அப்படிச் செய்தால் சரக்கு ஒரு டன்னுக்கு நன்றாகவே கீழே நிற்கும்.

ஆட்கள் உள்ளே உட்கார்ந்து பார்த்தார்கள். பின்சீட் நிமிர்ந்துதான் இருக்கிறது, சாய முடியாது. பலகார அக்கா சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர் வரைக்கும் இதுல தூங்கிட்டே போகலாம் தம்பி" என்றார். பெரியவர் ஏறும்போது வலது காலை மெதுவாகத் தூக்கி வைத்தார். கதவைச் சாத்தியதும் ஜன்னல் கண்ணாடியை இறக்கினார், ஏற்றினார், மறுபடி இறக்கினார். எதுவும் சொல்லவில்லை.

முன்பணம் 20,000 கட்டிவிட்டேன், வெள்ளை நிறம். கணக்காளர் சொன்னபடி தொழிலாளர் இன்சூரன்ஸைத் தாளில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன், அதைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணம்.

இன்னும் ஒரே ஒரு உதவி. வளவு வீடுகளில் சமையல்கட்டு வீட்டின் கடைசிப் பகுதியில் இருப்பதால் வண்டியைப் பின்தெருவுக்குக் கொண்டுபோய், பின்வாசலை ஒட்டி ரிவர்ஸில் நிறுத்தித்தான் இறக்குவோம். அதற்குப் பாடியின் பின்கதவை முழுதாகக் கீழே மடக்க வேண்டும். உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் பெல்ட் மாட்ட நாலு நாலு இரும்பு வளையம், தளத்தில் அண்டா வழுக்காமல் இருக்க ரப்பர் பாய். கம்பெனி பாடியை அறுக்காமல் இந்த வேலையைச் சுத்தமாகச் செய்து தருகிற வெல்டிங் பட்டறை காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ யாருக்காவது தெரியுமா? அடுத்த மாதம் 11ஆம் தேதி கானாடுகாத்தானில் வேலை இருக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டும்.

தேவகோட்டை ஓட்டுநர்:

அண்ணே, வளையத்தைப் பாடித் தகட்டில் நேராகப் பற்றவைக்க விடாதீர்கள், இழுத்தால் தகடு கிழிந்துவிடும். அடியில் ஓடுகிற குறுக்குச் சட்டத்தோடு போல்ட் போட்டு முறுக்க வேண்டும். எனக்குப் போட்டுக் கொடுத்தவர் இங்கேதான் இருக்கிறார். வண்டி கைக்கு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டு வாருங்கள், நான் கூட இருந்து போட்டுத் தரச் சொல்கிறேன். பெரிய அண்டாவையும் எடுத்து வாருங்கள், அதை வைத்துத்தான் வளையத்துக்கு இடம் குறிக்க வேண்டும்.